பிப்ரவரியில் ஆறு நாள் லீவு: ஆமை பார்க்கணும், கொஞ்சம் வேலையும் செய்யணும். எங்கே போகலாம்?

மாலைநேர_ரயில் | ஜனவரி 18, இரவு 9:40

வணக்கம். கோயம்புத்தூர்க்காரன். கடலோடு எனக்கு உள்ள பழக்கம் மெரினாவில் கால் நனைத்ததும் ராமேஸ்வரத்தில் முங்கியதும்தான். மகளுக்கு 12 வயது. பள்ளியில் கடலாமை பற்றி ஒரு ப்ராஜெக்ட் செய்ததிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. பிப்ரவரி 10 முதல் 15 வரை லீவு போட்டிருக்கிறேன். படகு, நீச்சல், முடிந்தால் ஸ்கூபா எல்லாம் வேண்டும். அதோடு சும்மா சுற்றிவிட்டு வராமல் கடலுக்கு உருப்படியாக ஏதாவது செய்துவிட்டு வர வேண்டும் என்பது மகளின் நிபந்தனை.

இன்ஸ்டாகிராமில் ஒரு முகாம் கண்ணில் பட்டது. 4 இரவு, 5 பகல், ஆளுக்கு 22,500. ஸ்கூபா, கயாக், கரை சுத்தம் செய்தல், சான்றிதழ். முக்கியமாக "ஆமைக்குஞ்சைக் கையில் ஏந்திக் கடலில் விடும் அனுபவம் உறுதி" என்று போட்டிருக்கிறார்கள். மூன்று பேருக்கு 67,500 ஆகிறது. கொடுக்கலாமா? இதைவிட நல்ல வழி இருக்கிறதா?

---

உப்புக்காத்து | ஜனவரி 18, இரவு 10:25

பணம் கட்டிட்டீங்களா? கட்டலைன்னா ஒரு நாள் பொறுங்க.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். நம்ம கரைக்கு வர்றது பெரும்பாலும் பங்குனி ஆமை. சித்தாமைன்னும் சொல்வாங்க. ஜனவரி வாக்கில முட்டையிட ஆரம்பிச்சு, பிப்ரவரி மார்ச்ல உச்சத்துக்குப் போய், ஏப்ரல்ல ஓயும். முட்டை பொரிய 45லேர்ந்து 50 நாள், சில சமயம் மேலயும் ஆகும். அப்போ பிப்ரவரி பாதியில எந்தக் குழி பொரியும்? அபூர்வமா டிசம்பர் கடைசியில வெச்ச ஒண்ணு ரெண்டு பொரியலாம். பெரும்பாலான குஞ்சு வர்றது மார்ச், ஏப்ரல்ல. பிப்ரவரி இரண்டாம் வாரத்துல ஒருத்தர் "உறுதி"ன்னு சொன்னா ஒண்ணு அவருக்கு ஆமை பத்தித் தெரியலை, இல்லைன்னா குஞ்சைத் தொட்டியில பிடிச்சு வெச்சிருக்கப் போறார். ரெண்டாவதா இருந்தா அது இன்னும் மோசம்.

ஆமை, முட்டை, குஞ்சு எல்லாமே 1972ஆம் வருஷ வன உயிரினச் சட்டத்தோட முதல் அட்டவணையில வருது. வனத்துறை அனுமதி இல்லாம யாரும் கை வைக்க முடியாது. "எந்த அனுமதியில செய்றீங்க, யார் கூட சேர்ந்து செய்றீங்க?"ன்னு அந்த முகாம்காரங்களுக்கு ஒரு மெசேஜ் போடுங்க. பதில் வர்ற விதத்துலயே தெரிஞ்சுடும்.

---

மாலைநேர_ரயில் | ஜனவரி 19, காலை 7:10

கேட்டேன். "சார் அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம், இன்னைக்கே புக் பண்ணா 10% தள்ளுபடி" என்று பதில் வந்தது.

---

உப்புக்காத்து | ஜனவரி 19, காலை 7:18

😂 முடிஞ்சுது.

---

மட்டுறுத்துநர் | ஜனவரி 19, காலை 9:00

முகாமின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருந்த ஒரு பதிலை நீக்கியிருக்கிறேன். யார் நடத்துகிறார்கள் என்பதைத் தனிமடலில் பேசிக்கொள்ளுங்கள். இழை தொடரட்டும்.

---

திருமலைப்_பெடியன் | ஜனவரி 19, காலை 11:35

தொட்டி எண்டு ஆரோ சொன்னபடியால் எழுதுறன். எங்கட இலங்கையில தெற்குக் கரையோரம் ஆமைப் பொரிப்பகம் எண்டு பலகை போட்டு நிறைய இடம் இருக்கு. போன முறை பிள்ளையளோட ஒண்டுக்குப் போனனான். சீமெந்துத் தொட்டிக்குள்ள முந்நூறு நானூறு குஞ்சு. மூண்டு நாள் வயசு எண்டான் அங்க நிண்ட பெடியன். காசு குடுத்தால் கையில தந்து படம் எடுக்க விடுறான். என்ர சின்னவள் கையில வாங்கினவுடன அது துடுப்பை அடிச்ச அடி இருக்கே, சாவி குடுத்த பொம்மை மாதிரி.

பிறகுதான் விசாரிச்சு அறிஞ்சன். முட்டையில இருந்து வந்த கையோட குஞ்சுக்கு ஒரு வெறி இருக்குமாம். ஒரு நாள் முழுக்க நிக்காமல் நீந்தி, கரைக்குக் கிட்ட இருக்கிற மீன், பறவை எல்லாத்தையும் தாண்டி ஆழக்கடலுக்குப் போயிடும். அதுக்குத் தேவையான சக்தி வயித்துக்குள்ள இருக்கிற மஞ்சட்கருவில இருந்து வருது. தொட்டிக்குள்ள விட்டால் அந்த ஓட்டத்தைச் சுவரில முட்டியே முடிச்சுப்போடும். பிறகு கடலில விட்டால் என்ன, விடாட்டி என்ன.

அதே தெற்கில ரெக்காவ எண்டு ஒரு கரை இருக்கு. ஐந்து வகை ஆமையும் வந்து முட்டையிடுற இடம். 90களில முட்டை தோண்டி வித்துக்கொண்டிருந்த ஆக்களையே சம்பளத்துக்குக் காவல் வைச்சு, முட்டையை இடம் மாத்தாமல் இட்ட இடத்திலேயே பாதுகாத்தவை. இரவில போனால் இருட்டுக்குள்ள மணிக்கணக்கா குந்தி இருக்கோணும். ஆமை வந்தால் பாக்கலாம், வராட்டி வீட்ட போகலாம். ஆரும் உறுதி தரமாட்டினம்.

---

கணக்குப்புள்ள | ஜனவரி 19, பிற்பகல் 2:50

எல்லாரும் கோபிக்காமல் கேளுங்கள். கோவையிலிருந்து மூன்று பேர் வந்து போகும் செலவு, தங்கும் செலவு எல்லாம் சேர்த்தால் முப்பது நாற்பதாயிரம். ஒரு வாரம் வந்துவிட்டுப் போகிறவரால் ஆமைக்கு என்ன லாபம்? அந்தப் பணத்தைச் சீசன் முழுக்க ஆமைக்காக இரவில் கரையோரம் நடக்கும் அமைப்புக்கு அனுப்பிவிட்டு மகளோடு ஊட்டிக்குப் போங்கள். "தன்னார்வச் சுற்றுலா" என்பது நம் மனசாட்சிக்குப் போடும் எண்ணெய் மசாஜ் என்பது என் கருத்து.

---

உப்புக்காத்து | ஜனவரி 19, மாலை 6:05

பாதி சரி. ராத்திரி கரையோரம் ஆமை முட்டை தேடி ஏழு சீசன் நடந்தவள்ங்கிற முறையில சொல்றேன்.

சென்னையில இந்த நடை எழுபதுகளோட ஆரம்பத்துலயே தொடங்கிடுச்சு. பாம்புப் பண்ணை ரோமுலஸ் விட்டேக்கரும் அவர் கூட இருந்த சில இளைஞர்களும் ராத்திரி கரையோரம் நடந்து முட்டையைக் காப்பாத்தினாங்க. அதுல ஒருத்தர்தான் சதீஷ் பாஸ்கர். இந்தியக் கடற்கரையில பெரும்பகுதியைக் காலாலயே அளந்தவர். 1982ல லட்சத்தீவுல மனுஷனே இல்லாத சுஹேலித் தீவுல மழைக்காலம் முழுக்கத் தனியா இருந்து ஆமை எண்ணினார். மனைவிக்கு எழுதின கடிதத்தை பாட்டில்ல அடைச்சுக் கடல்ல போட, அது இலங்கைக் கரையில ஒருத்தர் கையில கிடைச்சு, அவர் தபால்ல அனுப்பி வெச்சார். கதை மாதிரி இருக்கும், நிஜம். 2023ல காலமானார்.

1988லேர்ந்து மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு நடக்குது. எஸ்எஸ்டிசிஎன்னு சொல்வோம். சீசன்ல தினமும் ராத்திரி தன்னார்வலர்கள் நடப்பாங்க. வெள்ளி, சனி ராத்திரிகள்ல பொதுமக்களையும் கூட்டிட்டுப் போவாங்க. நீலாங்கரையில கிளம்பி பெசன்ட் நகர் வரைக்கும் ஏழு கிலோமீட்டர் போல. கட்டணம் கிடையாது, இஷ்டப்பட்டா நன்கொடை. கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் ஆமை பத்திப் பேசுவாங்க. அதுவே ஒரு வகுப்பு.

இப்போ கணக்குப்புள்ள கேள்விக்கு வர்றேன். வெள்ளிக்கிழமை வர்ற நாப்பது பேரால அன்னைக்கு ஆமைக்கு நேரடி லாபம் ஒண்ணும் இல்லை. சொல்லப்போனா கொஞ்சம் தொந்தரவுதான். ஆனா நானும் அப்படி ஒரு வெள்ளிக்கிழமை சும்மா வந்தவதான். ரயில் சார், ஒரு வாரத்துக்கு வர்றதுன்னா அதை "வேலை"ன்னு நினைச்சுக்காதீங்க, "பாக்க வர்றோம்"னு நினைச்சு வாங்க. பாக்க வர்றதுல தப்பே இல்லை. காசு வாங்கிட்டு அதுக்கு வேலைன்னு பேர் வைக்கிறப்பதான் குஞ்சைத் தொட்டியில போடுற புத்தி வருது.

---

கட்டுமரம்_77 | ஜனவரி 19, இரவு 8:45

நான் குப்பத்து ஆள். எங்க கரையில ஆமை ஏறுறது எங்க பாட்டன் காலத்துலேர்ந்து பாக்குறோம். ஒண்ணு கேக்கணும். இந்த மாதிரி இழைங்கள்ல கடைசியில வந்து நிக்கறது "மீனவன் வலை போட்டு ஆமையைக் கொல்றான்"னுதான். இப்பவே சொல்லிட்டா ஒரு வேலை முடியும்.

2025 ஜனவரியில இங்க செத்து ஒதுங்கின ஆமைங்களைப் பாத்தவன் நான். காலையில வலை இழுக்கப் போனா மணல்ல வரிசையா கெடக்கும். கண்ணு பிதுங்கி, கழுத்து ஊதி, நாத்தம் தாங்காது. ஆமை மூச்சுக்கு மேல வந்தாகணும். பெரிய விசைப்படகுல இழுவை மடியைப் போட்டு மணிக்கணக்கா இழுத்தா உள்ள மாட்டினது முங்கியே சாவும். கரையிலேர்ந்து அஞ்சு கடல் மைலுக்கு உள்ள அந்தப் படகு வரக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. ஆமை கூடுறதும் அந்த அஞ்சு மைலுக்குள்ளதான். வர்றாங்க. நாங்க ஃபைபர் போட்டுல போறவங்க. எங்க வலையிலயும் மாட்டும், இல்லேன்னு சொல்ல மாட்டேன், அதுவும் திருக்கை வலையில. ஆனா நாங்க வலையைப் பக்கத்துலயே பாக்கறோம், உசுரோட இருந்தா வெட்டி விட்டுடுவோம். ஒரு வலை வெட்டினா எவ்வளவு நஷ்டம்னு யாரும் கேக்க மாட்டாங்க.

---

கணக்குப்புள்ள | ஜனவரி 19, இரவு 9:20

நான் அப்படிச் சொல்லவில்லை அண்ணே. ஆனால் தடைக்காலம் இருக்கிறதே, அதில் ஆமை தப்பிக்காதா?

---

கட்டுமரம்_77 | ஜனவரி 19, இரவு 9:31

தடைக்காலம் ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும். மீன் முட்டை போடுறதை வெச்சு போட்டது. ஆமை வர்றது ஜனவரியில. நீங்களே கணக்குப்புள்ளதானே, கூட்டிப் பாருங்க.

---

கணக்குப்புள்ள | ஜனவரி 19, இரவு 9:50

புரிந்தது, தலை வணங்குகிறேன் 🙏 இதை எங்கும் யாரும் எழுதிப் பார்த்ததில்லை. இழுவை மடியில் ஆமை வெளியேற ஒரு கம்பிச் சட்டம் மாட்டலாமே? அது இல்லை என்பதால்தான் 2019ல் நம் கடலில் பிடித்த இறாலை வாங்குவதை அமெரிக்கா நிறுத்தியது.

---

கட்டுமரம்_77 | ஜனவரி 19, இரவு 10:02

மாட்டலாம். மாட்டினா மீனும் கொஞ்சம் போவுதுன்னு படகுக்காரங்க சொல்றாங்க. அந்த நஷ்டத்தை யார் குடுப்பாங்கன்னுதான் சண்டையே.

ரயில் சார், உங்க பொண்ணைக் கூட்டிட்டு வாங்க. எங்க குப்பத்துப் பசங்க வனத்துறை கூட சேர்ந்து ஒரு பொரிப்பகம் போட்டிருக்காங்க. ராத்திரி நடக்கறப்ப கூட வரலாம். ஆமை வரும்னு சொல்ல மாட்டேன்.

---

ஈப்போ_வெள்ளைக்காபி | ஜனவரி 20, காலை 8:15

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். உங்கள் தேதிக்கு இது உதவாது, மழைக்காலத்தில் கிழக்குக் கரைத் தீவுகள் மூடிக் கிடக்கும். பின்னால் வருகிறவர்களுக்கு உதவட்டும்.

திரெங்கானு பல்கலைக்கழகத்து ஆமை ஆராய்ச்சிப் பிரிவு ரெடாங் தீவில் சாகார் ஹூத்தாங் என்ற கரையில் நிலையம் வைத்திருக்கிறது. காசு கட்டி ஒரு வாரம் தங்கி வேலை செய்யலாம். நான் இரண்டு முறை போயிருக்கிறேன். இரவில் முறை வைத்துக் கரைக் காவல். பேராமை (பச்சை ஆமை) ஏறினால் அளப்பது, எண்ணுவது, எழுதுவது. காலையில் சமையல், பாத்திரம், கரை பெருக்குவது. முதல் நாள் எல்லாரும் போனைத் தூக்கிக்கொண்டு சிக்னல் தேடுவார்கள், மூன்றாம் நாள் மறந்துவிடுவார்கள். நாம் போகாத வாரத்திலும் அதே வேலை நடக்கும், பயிற்சி பெற்றவர்கள் கூடவே இருப்பார்கள். அதனால் அதைச் சுற்றுலா என்று சொல்ல மனம் வராது.

அதே மாநிலத்தில் ரந்தாவ் அபாங் என்று ஒரு கரை உண்டு. ஐம்பதுகளில் தோணி ஆமை (கடலாமைகளிலேயே பெரியது) வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் ஏறிய இடம். சின்ன வயதில் அப்பா லாரியில் கூட்டிப் போனார். கரை முழுக்க டார்ச், ஆட்கள் ஆமை முதுகில் ஏறி உட்கார்ந்து படம் எடுத்தார்கள். நானும் உட்கார்ந்தேன். முட்டையைச் சந்தையில் விற்றார்கள். இப்போது அங்கே தோணி ஆமை கிட்டத்தட்ட இல்லை. பொரிப்பகம் வைத்துக் காப்பாற்றப் பார்த்தபோது மணல் சூடு கவனிக்காமல் பொரித்ததெல்லாம் பெண் குஞ்சாகவே போனது என்றும் சொல்கிறார்கள்.

---

மாலைநேர_ரயில் | ஜனவரி 20, காலை 10:40

சூட்டுக்கும் பெண் குஞ்சுக்கும் என்ன சம்பந்தம்? மகள் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்கச் சொல்கிறாள்.

---

உப்புக்காத்து | ஜனவரி 20, பகல் 12:15

பாப்பாவுக்கு: ஆமைக்கு ஆண் பெண் தீர்மானிக்கிறது மணலோட சூடு. 29, 30 டிகிரியை ஒட்டி இருந்தா ரெண்டும் கலந்து வரும். அதுக்கு மேல போனா பெண், குறைஞ்சா ஆண். அதனாலதான் பொரிப்பகத்துல வெயில் ஏறினா ஓலையோ நிழல்வலையோ போடுவோம். குழியும் அம்மா ஆமை தோண்டின அதே ஆழம், அதே வடிவத்துல இருக்கணும். கழுத்து ஒடுங்கி அடி அகன்ற பானை மாதிரி, ஒண்ணரை அடி ஆழம்.

இட்ட இடத்துலயே விடுறதுதான் நல்லது. திருமலைத் தம்பி சொன்ன ரெக்காவ வழிதான் சரியான வழி. சென்னையில முடியலை, அதனாலதான் முட்டையை எடுத்துப் பொரிப்பகத்துல வைக்கிறோம். நாய் தோண்டிடும், ஆள் மிதிச்சுடும், தப்பிச்சுப் பொரிஞ்சாலும் குஞ்சு கடல் பக்கம் போகாம ரோட்டு விளக்கு பக்கம் போயிடும். வெளிச்சமான திசைதான் கடல்னு அதோட உடம்புல எழுதியிருக்கு. கோடிக்கணக்கான வருஷமா அது சரியாத்தான் இருந்தது, சோடியம் விளக்கு வர்ற வரைக்கும்.

---

பாம்பன்_பாலம் | ஜனவரி 20, மாலை 4:30

ஆமை ஆமைன்னு சென்னையிலேயே நிக்கிறீகளே. ஆறு நாள்ல மூணு நாளை எங்க பக்கம் குடுங்க.

மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986ல அறிவிச்சது. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவுல 21 தீவு. அதுல ரெண்டு முங்கிப்போச்சு. வனத்துறை அனுமதி இல்லாம தீவுல இறங்க முடியாது, இறக்கி விடுறேன்னு வேற எவனாச்சும் சொன்னா போகாதீக. கண்ணாடித்தரைப் படகுல பவளப்பார் பாக்கலாம். உண்மையச் சொல்லணும்னா, பார் வெளுத்துக் கெடக்குற இடமும் இருக்கு. 2010லயும் 2016லயும் கடல் சூடாகி நெறைய செத்துப்போச்சு.

என்னைக் கேட்டா காரங்காடு போங்க. தொண்டிப் பக்கம், பாக் விரிகுடாக் கரை. அலையாத்திக் காட்டுக்குள்ள படகு, துடுப்புப் படகு, முகமூடி மாட்டிக்கிட்டு கடற்புல் பாக்கலாம். வனத்துறையோட சேர்ந்து ஊர்ச் சனமே நடத்துது. சாப்பாடு ஊர்ப் பொம்பளைக கையால. நண்டு ரசம் குடிச்சுட்டு வந்து இங்க எழுதுங்க.

கடற்புல்தான் கடற்பசுவுக்குச் சாப்பாடு. எங்க ஆளுக அதை ஆவுளியாம்பாக. ஒரு காலத்துல கறிக்குப் பிடிச்சாக, மறைக்க ஒண்ணுமில்ல. 2022ல தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடல்ல 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமா அறிவிச்சுட்டாக. இப்ப வலையில மாட்டுனா வெட்டி விட்டுட்டுத் தகவல் சொல்றாக, வனத்துறை பணமும் குடுக்குது. பாப்பா கடற்பசு பாக்கலாமான்னு கேட்டா, நான் பொறந்து வளந்து 46 வருசத்துல உசுரோட ரெண்டு தடவைதான் பாத்திருக்கேன்னு சொல்லுங்க.

இன்னொண்ணு. கட்டுமரம் அண்ணன் சொன்னதைத்தான் நானும் சொல்றேன். பாம்பன் பக்கம் சின்னப்பாலத்துல கடற்பாசி எடுக்குற பொம்பளைக தீவைச் சுத்தி முங்கிப் பிழைச்சவுக. பூங்கா வந்ததும் திருடி மாதிரி ஆக்கிட்டாக. அவுகளே உக்காந்து பேசி மாசத்துக்கு 12 நாள் மட்டும் எடுக்குறதுன்னு முடிவு பண்ணாக. பாசி மறுபடி வளரணும்ல. அதுல ஒருத்தவுக லட்சுமி மூர்த்தி, தீவுகளைக் காக்குறவுகளுக்குக் குடுக்குற சீகாலஜி பரிசை 2015ல வாங்குனாக. ஒரு சான்றிதழுக்கு 22,500 குடுக்கப் பாத்தீகளே, பாதுகாப்புன்னா என்னன்னு அவுககிட்ட கேட்டாத் தெரியும்.

---

மாலைநேர_ரயில் | ஜனவரி 21, இரவு 11:05

எல்லாருக்கும் நன்றி. முகாமை விட்டாச்சு. திட்டம் இப்படி: 10, 11, 12 காரங்காடு, பாம்பன் பக்கம். 12 இரவு ராமநாதபுரத்தில் சேது எக்ஸ்பிரஸ். 13 வெள்ளி இரவு நீலாங்கரை நடை. 14 சென்னைப் பக்கம் கோவளத்தில் அலைச்சறுக்கு (அங்கே மீனவ இளைஞர்களே சொல்லித்தருகிறார்களாம்). 15 இரவு கட்டுமரம் அண்ணன் குப்பம். ஸ்கூபாவை அடுத்த முறைக்குத் தள்ளிவிட்டேன். வேறு என்ன கொண்டுவர வேண்டும்?

---

உப்புக்காத்து | ஜனவரி 21, இரவு 11:20

கருப்பு அல்லது அடர்நிறச் சட்டை. தண்ணி. தேஞ்ச செருப்பு, இல்லைன்னா வெறுங்கால். டார்ச் வேண்டாம், போன் வெளிச்சமும் வேண்டாம், பத்து நிமிஷத்துல கண்ணு பழகிடும். கொசுமருந்து பூசின கையோட எதையும் தொடாதீங்க. முக்கியமா மத்தியானம் தூங்குங்க. எல்லாரும் அதைத்தான் விட்டுடுவாங்க, ரெண்டு மணிக்கு மணல்ல உக்காந்து தூங்கி விழுவாங்க.

---

மாலைநேர_ரயில் | பிப்ரவரி 19, இரவு 10:10

வந்து மூன்று நாள் ஆகியும் செருப்பில் மணல். சொன்னபடி எழுதுகிறேன்.

காரங்காட்டைப் பற்றி நிறைய எழுதலாம், ஒன்றே ஒன்று. முகமூடி மாட்டி இடுப்பளவு தண்ணீரில் குப்புறப் படுத்தால் கீழே வயல். அசல் வயல். நீரோட்டத்தில் மொத்தப் புல்லும் ஒரே பக்கம் சாய்ந்து நிமிர்கிறது. என் மனைவிக்குத் தண்ணீர் என்றால் பயம், அவர்தான் கடைசியாக வெளியே வந்தார். நண்டு ரசம் பற்றிப் பாம்பன் அண்ணன் சொன்னது குறைவு.

வெள்ளி இரவு நடையில் உயிருள்ள ஆமை ஒன்றும் வரவில்லை. செத்தவை இரண்டு. முதல் ஆமையைப் பார்த்ததும் மகள் அழுதுவிட்டாள். தன்னார்வலப் பெண் ஒருவர் அளவு நாடாவை எடுத்து, "இந்த முனையைப் பிடிச்சுக்கறியா?" என்று அவளிடம் கேட்டார். ஓட்டின் நீளம் 66 சென்டிமீட்டர். எழுதிக்கொண்டு, அடுத்த நாள் வேறு யாரும் மறுபடி எண்ணாமல் இருக்க ஓட்டின் மேல் பெயின்ட் அடித்தார்கள். இரண்டாவது ஆமைக்கு மகள் அழவில்லை, நாடாவை அவளே கேட்டு வாங்கினாள். கணக்குப்புள்ள சார், அந்த நோட்டில் இரண்டு வரி அவள் கையெழுத்து. அதில் ஆமைக்கு லாபமா என்று எனக்குத் தெரியவில்லை.

கோவளத்தில் பலகையில் நின்ற நேரம் மொத்தம் நான்கு விநாடி. சொறி மீன் பட்டு கணுக்காலில் தடித்துவிட்டது. சொல்லிக்கொடுத்த பையன் சிரிக்காமல் பார்த்துக்கொண்டது பெரிய விஷயம்.

ஞாயிறு இரவு குப்பம். பதினொரு மணிக்கு நடக்க ஆரம்பித்தோம். ஒரு மணிக்குத் திரும்பிவிடலாம் என்று நான்தான் முதலில் சொன்னேன். 2:15க்கு முன்னால் போன பையன் கையைத் தூக்கினான். மணலில் டிராக்டர் டயர் ஏறிப்போன மாதிரி ஒரு தடம், கடலிலிருந்து மேட்டுக்கு. போன தடம் மட்டும் இருந்தது, திரும்பிய தடம் இல்லை. "உக்காருங்க, உள்ளதான் இருக்குது" என்றார் கட்டுமரம் அண்ணன்.

பின்பக்கமாகத் தவழ்ந்து போனோம். முட்டையிட்டு முடித்து மூடிக்கொண்டிருந்தது. பின்துடுப்பால் மணலைத் தள்ளும், பிறகு உடம்பை வலமும் இடமும் ஆட்டி ஓட்டின் அடியால் தட்டும். தொம், தொம் என்று சத்தம் எங்கள் முழங்காலுக்கு வந்தது. நம் ஊரில் மண் தரை போடும்போது திம்சு கட்டையால் தட்டுவார்களே, அதே தாளம். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. உப்பை வெளியேற்றுகிறது என்று மகள் என் காதில் சொன்னாள், ப்ராஜெக்டில் படித்தாளாம். இருபது நிமிஷம் கழித்து அது திரும்பிப் பார்க்காமல் கடலுக்குப் போனது. நாங்கள் யாரும் தொடவில்லை.

பிறகுதான் வேலை. ஒரு பையன் மெல்லிய கம்பால் மணலைக் குத்திப் பார்த்தான். கெட்டி, கெட்டி, சட்டென்று ஒரு இடத்தில் கம்பு தானாக இறங்கியது. கையால் தோண்டினார்கள். முட்டை டேபிள் டென்னிஸ் பந்து போல, ஆனால் அமுக்கினால் குழியும் தோல், ஒரு வழுவழுப்பு. ஒவ்வொன்றாகத் துணிப்பையில் வைக்க, எண்ணும் பொறுப்பு மகளுக்கு. 118. நடுவில் 70க்குப் பிறகு 81 என்று தாவிவிட்டாள், எல்லாரும் பிடித்துத் திருத்தினார்கள். குழியின் அடி மணலையும் கொஞ்சம் அள்ளிக்கொண்டு போய், பொரிப்பகத்தில் அதே மாதிரி குழி தோண்டி வைத்தார்கள். சின்னப் பலகையில் தேதி, எண்ணிக்கை, குழி எண் 43.

மாட்டுப் பொங்கலுக்குக்கூட எழாதவள், விடிய விடிய முழித்திருந்தாள்.

---

பாம்பன்_பாலம் | பிப்ரவரி 20, காலை 6:50

நண்டு ரசத்தை ஒரு வரியில முடிச்சுட்டீகளே 😄

---

கணக்குப்புள்ள | பிப்ரவரி 20, காலை 9:25

அந்த இரண்டு வரியை நான் லாபக் கணக்கில் எழுதிக்கொள்கிறேன். அடுத்த வெள்ளி எனக்கும் ஒரு இடம் இருக்குமா உப்புக்காத்து அக்கா?

---

உப்புக்காத்து | பிப்ரவரி 20, காலை 9:40

முன்பதிவு பண்ணிட்டு வாங்க. மத்தியானம் தூங்குங்க.

---

மாலைநேர_ரயில் | மார்ச் 29, இரவு 8:20

கட்டுமரம் அண்ணே, தொந்தரவுக்கு மன்னிக்கணும். 42 நாள் ஆகிவிட்டது. காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள். தினம் கேட்கிறாள்.

---

கட்டுமரம்_77 | மார்ச் 29, இரவு 9:05

இன்னும் மேல மணல் குழி விழலை. விழுந்தா ஒரு நாள்ல வந்துடும். கூடை கவுத்து வெச்சிருக்கோம். சொல்றேன்.

---

கட்டுமரம்_77 | ஏப்ரல் 4, காலை 5:55

பாப்பாவை எழுப்புங்க. 43 ராத்திரி ரெண்டரைக்குப் பொரிஞ்சுது. 97 கடலுக்குப் போயாச்சு. நாலு மட்டும் திரும்பி விளக்கு பக்கம் நடந்துச்சு, பசங்க குறுக்க நின்னு திருப்பி விட்டாங்க. மீதி 21 எங்கன்னு கேப்பா, அதனால தோண்டி எண்ணிட்டுத்தான் எழுதறேன்: 14 கூமுட்டை, 7 உள்ளயே செத்துப்போச்சு. நோட்டுல எழுதிக்கச் சொல்லுங்க.